எக்ஸ்-கதிர் விரவல் சிதறல்

எக்ஸ்-கதிர் விரவல் சிதறல் என்பது படிகங்களில் குறுகிய தொலைவுக்குள் மட்டும் நிலவும் அணு ஒழுங்கை (குறுவீச்சு ஒழுங்கு) அறிய உதவும் ஆய்வு முறை ஆகும். மேக்னடைட் போன்ற காந்த ஆக்ஸைடுகளின் ஆய்வில் இது முக்கிய இடம் பெறுகிறது.

அடிப்படை

படிகத்தின் மீது எக்ஸ்-கதிர் படும்போது, சிதறிய அலைகள் சில திசைகளில் மட்டும் ஒன்றையொன்று வலுப்படுத்திக் கூர்மையான பிராக் புள்ளிகளைத் தருகின்றன. இப்புள்ளிகள் படிகத்தின் சராசரி அமைப்பையே கூறுகின்றன. அணுக்கள் சராசரி இடத்திலிருந்து விலகி, அவ்விலகல் அருகிலுள்ள அணுக்களோடு மட்டும் தொடர்புற்றிருந்தால், அதன் தடயம் பிராக் புள்ளிகளுக்கு இடையே மங்கலாகப் பரவிக் காணப்படும். இதுவே விரவல் சிதறல் ஆகும். ஒழுங்கின் வீச்சு குறையக் குறைய இது மேலும் அகன்று பரவும். இதன் செறிவு மிகக் குறைவு என்பதால் சிங்க்ரோட்ரான் கதிர்மூலங்கள் பயன்படுத்தப்படுகின்றன. அணுக்களின் வெப்ப அதிர்வும் விரவல் சிதறலைத் தருவதால், அதனைப் பிரித்தறிதல் வேண்டும்.

மேக்னடைட்

மேக்னடைட்டின் எண்முகி இடங்களில் இரண்டு நேர்மின்னூட்டமும் மூன்று நேர்மின்னூட்டமும் கொண்ட இரும்பு அயனிகள் சம அளவில் உள்ளன. ஏறத்தாழ 120 கெல்வினுக்குக் கீழே இதன் மின்கடத்துதிறன் ஏறத்தாழ நூறு மடங்கு குறைகிறது. இவ்வயனிகள் ஒழுங்காக அடுக்கப்படுவதே காரணம் என 1939-இல் எவர்ட் வெர்வே விளக்கினார். இது வெர்வே மாற்றம் எனப்படுகிறது.

குளிர்விக்கும்போது படிகம் பல திசையமைவுப் பகுதிகளாகப் பிரிவதால், தாழ்வெப்பநிலை அமைப்பைக் கண்டறிவது நெடுங்காலம் கடினமாக இருந்தது. 2012-இல் சென், ரைட், அட்ஃபீல்டு ஆகியோர் நுண்ணிய படிகம் ஒன்றைக் கொண்டு அதனைத் தீர்மானித்தனர். வெர்வே கருதியதை விட அது சிக்கலானது. நேர்கோட்டில் அமைந்த மூன்று இரும்பு அயனிகளிடையே ஓர் எலக்ட்ரான் பகிரப்படுகிறது. இவ்வலகு டிரைமெரான் எனப்படுகிறது.

மாற்ற வெப்பநிலைக்கு மேலே

வெர்வே மாற்றத்துக்கு மேலே பிராக் புள்ளிகள் சீரான கனசதுர அமைப்பையே காட்டுகின்றன. ஆயினும் ஒழுங்கு முற்றிலும் மறைவதில்லை. அறை வெப்பநிலையிலும் குறுவீச்சுத் தொடர்புகள் எஞ்சியிருப்பதை 2014-இல் போசாக் குழுவினர் விரவல் சிதறல் மூலம் காட்டினர். பிராக் சிதறலையும் விரவல் சிதறலையும் சேர்த்து அணுச்சோடிகளின் தொலைவுகளைக் கணிக்கும் முறையால், இவ்வுருக்குலைவு கியூரி வெப்பநிலையான ஏறத்தாழ 850 கெல்வின் வரை நீடிப்பதாக 2019-இல் அறியப்பட்டது. எனவே இது காந்த ஒழுங்கோடு சேர்ந்தே தோன்றுவதாகக் கருதப்படுகிறது.

வரம்புகள்

எக்ஸ்-கதிர்கள் பெரும்பாலும் எலக்ட்ரான்களின் மின்னூட்டத்தால் சிதறுகின்றன. காந்தச் சிதறல் மிகவும் வலுக்குறைந்தது. ஆகவே காந்தத் திருப்புதிறன்களின் ஒழுங்கை அறிய நியூட்ரான் சிதறலும் உடன் பயன்படுத்தப்படுகிறது.