வீட்டு விறாந்தையில் ஒரு கணித வகுப்பு

போரினால் பாதிக்கப்பட்ட எமது குடும்பங்கள் பலவற்றில் வருமானம் தேடும் பொறுப்பு பெண்ணின் தோளிலேயே விழுந்துள்ளது. 2009ஆம் ஆண்டு போர் முடிந்த பின்னர் கோழி வளர்ப்பு, தையல், சிறுகடை எனப் பல வாழ்வாதார உதவிகள் கிடைத்தன. ஆனால் தம்மிடம் ஏற்கனவே உள்ள கல்வியை ஒரு மூலதனமாகக் கருதும் பெண்கள் குறைவு. இடப்பெயர்வில் வீடும் நகையும் தொலைந்தன. படித்த படிப்பு மட்டும் எம்முடனேயே வந்தது.

"நான் சாதாரண தரம் வரைக்கும்தானே படிச்சனான், நான் எப்படிப் படிப்பிக்கிறது?" என்பது களப்பணியில் நாம் அடிக்கடி கேட்கும் கேள்வி. சாதாரண தரத்தில் கணிதம் சித்தியடைந்த ஒருவர் தரம் 3 முதல் 6 வரையான பிள்ளைகளுடன் தாராளமாகத் தொடங்கலாம். உயர்தரத்துக்குக் கணிதம் கற்பிக்கவா உங்களை அழைக்கிறோம்? இல்லை. பெருக்கல் வாய்ப்பாடு தெரியாமல் வகுப்பின் கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளைக்குத்தான் நீங்கள் தேவை.

ஏன் கணிதம்?

சாதாரண தரத்தில் கணிதம் கட்டாய பாடம். சாதாரண சித்திக்கு 35 புள்ளிகள் வேண்டும். அது இல்லாத பிள்ளைக்குப் பல தொழில்களின் கதவுகள் மூடப்படுகின்றன. பதினோராம் தரத்தில் தவறும் பிள்ளை, பெரும்பாலும் நாலாம் ஐந்தாம் தரத்திலேயே பின்னத்திலும் வகுத்தலிலும் தடுமாறத் தொடங்கியிருக்கும்.

எப்படித் தொடங்குவது?

முதலில் பாடநூலை எடுங்கள். அரசு இலவசமாக வழங்கும் பாடநூலின் பழைய பிரதியை அயலில் கேட்டுப் பெறலாம். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்திலும் அவை உண்டு. இரண்டு வாரங்கள் எல்லாப் பயிற்சிகளையும் நீங்களே கொப்பியில் செய்து பாருங்கள். மறந்ததெல்லாம் திரும்ப வரும்.

நாலைந்து பிள்ளைகள் போதும். முதல் நாள் பத்துச் சிறு கணக்குகள் கொடுங்கள். 402இலிருந்து 178ஐக் கழிக்கத் தெரிகிறதா, 7ஐ 8ஆல் பெருக்கத் தெரிகிறதா என்று பாருங்கள். எங்கே பிழைக்கிறதோ அங்கிருந்து தொடங்குங்கள். பிள்ளை எந்தத் தரத்தில் படிக்கிறது என்பது இரண்டாவது விடயம்.

ஓர் உதாரணம். அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டினால் ஐந்தில் இரண்டு என்று பிள்ளை எழுதும். மேலே உள்ளதையும் கீழே உள்ளதையும் தனித்தனியே கூட்டியிருக்கிறது. "பிழை" என்று வெட்டிவிடாதீர்கள். "ஐந்தில் இரண்டு அரையிலும் குறைவு. அரை ரொட்டியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் ரொட்டி குறையுமா?" என்று கேளுங்கள். பிறகு ரொட்டியை ஆறு சம துண்டாக்கிக் காட்டுங்கள். அரை என்பது மூன்று துண்டு, மூன்றில் ஒன்று என்பது இரண்டு துண்டு, மொத்தம் ஆறில் ஐந்து. ஏன் என்று விளங்கிய கணக்கைப் பிள்ளை இலகுவில் மறவாது. அடியும் ஏச்சும் வேண்டாம். பயந்த பிள்ளை விடையை ஊகிக்குமே தவிர யோசிக்காது.

பணமும் பாதுகாப்பும்

கட்டணத்தை முதலிலேயே தாய்மாரிடம் பேசிக்கொள்ளுங்கள். மாதம் 1000 ரூபா வீதம் பத்துப் பிள்ளைகள் என்றால் 10,000 ரூபா. போட்டோப் பிரதி, வெண்கட்டி, மின்சாரம் ஆகிய செலவைக் கழித்தே உங்கள் வருமானத்தைக் கணக்கிடுங்கள். கொடுக்க இயலாத பிள்ளைகள் ஓரிருவரைச் சேர்ப்பதாயின் எத்தனை பேர் என்பதை முன்னரே தீர்மானியுங்கள். வரவையும் கட்டணத்தையும் ஒரு கொப்பியில் பதியுங்கள். பரீட்சைக்கு முந்திய நாட்களில் அந்தப் பரீட்சைக்கான மேலதிக வகுப்புகளைப் பரீட்சைத் திணைக்களம் தடை செய்வதையும் நினைவில் வைத்திருங்கள்.

வகுப்பைத் திறந்த விறாந்தையிலேயே வையுங்கள். பொழுதுபட முன் பிள்ளைகள் வீடு சேர வேண்டும். வீட்டில் இடமில்லையெனில் சனசமூக நிலையத்தையோ மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கட்டடத்தையோ கேட்டுப் பார்க்கலாம்.

ஊர் என்ன சொல்லும்?

கணவனை இழந்த பெண்ணை நல்ல காரியங்களில் ஒதுக்கிவைக்கும் வழக்கம் எம்மிடையே இன்னும் உண்டு. "அவளிட்டயா பிள்ளையை அனுப்பிறது?" என்ற பேச்சும் எழலாம். அதற்கு வாய்ச் சண்டையால் பதில் சொல்லத் தேவையில்லை. பிள்ளைகளின் தவணைப் பரீட்சைப் புள்ளி பதில் சொல்லட்டும். காலப்போக்கில் "அவள்" என்றவர்கள் "ரீச்சர்" என்று அழைப்பார்கள். மாத வருமானத்தைப் போலவே அந்த ஒரு சொல்லும் எமது பெண்களுக்கு அவசியமானது.

சகோதரிகளே, பெட்டிக்குள் இருக்கும் உங்கள் சான்றிதழை ஒருமுறை வெளியில் எடுத்துப் பாருங்கள். நாளைக்கே அயல்வீட்டுப் பிள்ளையின் கணிதக் கொப்பியையும் வாங்கிப் பாருங்கள்.