திருவரங்கத்து ஆரோக்கியசாலையும் மருந்தாக்கச் செயல்முறை இடர்ப்பாடுகளும்: கல்வெட்டு வழி ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

மூலப்பொருள் ஈட்டல், நச்சு நீக்கல், இருப்பு வைத்தல், தொழில் தொடர்ச்சி ஆகியவை மருந்தாக்கம் காலந்தோறும் எதிர்கொள்ளும் இடர்ப்பாடுகள். இடைக்காலத் தமிழகத்துக் கோயில் சார்ந்த மருத்துவச்சாலைகள் இவற்றை எதிர்கொண்ட முறையைத் திருமுக்கூடல் கல்வெட்டும் திருவரங்கம் கல்வெட்டும் வெளிப்படுத்துகின்றன. அம்முறையின் வலிமையையும் குறையையும் இக்கட்டுரை இன்றைய மருந்தாக்க நெறிமுறைகளோடு ஒப்பிட்டு ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஆரோக்கியசாலை, ஆதுலர்சாலை, மருந்தாக்கம், கருடவாகன பட்டர், திருமுக்கூடல், தர உறுதி

முன்னுரை

தமிழக மருத்துவ வரலாற்றை ஆராய்ந்தோர் நூல்களுக்கும் மருத்துவர்களுக்கும் தந்த அளவு கவனத்தை மருந்து செய்யும் தொழிலுக்குத் தந்ததில்லை. ஒரு மருந்தின் செய்முறையைச் சுவடியில் எழுதிவைப்பது ஒரு பணி. அதே மருந்தை ஆண்டு முழுவதும், அளவு குறையாமல், தன்மை கெடாமல் நோயாளிக்குக் கிடைக்கச் செய்வது வேறு பணி. பின்னதற்கு ஆள், பொருள், விறகு, கலம், இடம், வருவாய் ஆகிய அனைத்தும் வேண்டும். இவற்றுள் ஒன்று தவறினும் சுவடியிலுள்ள அறிவு நோயாளியைச் சென்றடையாது. இக்கண்ணோட்டத்தில் நோக்கும்போது கோயிற் கல்வெட்டுகள் மருந்தாக்கத்தின் நிருவாக ஆவணங்களாகவும் அமைவதைக் காணலாம்.

திருமுக்கூடல்: ஓர் ஒப்பீட்டுச் சான்று

பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்றும் கூடுமிடத்தில் அமைந்த திருமுக்கூடல் வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழனின் கல்வெட்டு ஒன்று உள்ளது. 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த இக்கல்வெட்டு, கோயிலைச் சார்ந்து இயங்கிய 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலையைக் குறிப்பிடுகிறது. மருத்துவர், அறுவை மருத்துவம் செய்வோர், நோயாளரைப் பேணும் பெண்டிர், நாவிதர் ஆகியோருடன், மூலிகை கொணர்ந்து விறகிட்டு மருந்து அடுவதற்கு இருவர் தனியே அமர்த்தப்பட்டனர். இவர்கள் அனைவருக்கும் ஊதியம் வரையறுக்கப்பட்டது. மருந்து செய்வது மருத்துவரின் கிளைப்பணியாகக் கருதப்படாமல் தனிப்பணியாகக் கருதப்பட்டதை இது காட்டுகிறது.

ஓராண்டுக்கு இருப்பு வைக்க வேண்டிய ஏறத்தாழ 20 மருந்துகளின் பட்டியலும் அதில் உள்ளது. வாசாகரீதகி, கோமூத்திர அரீதகி, தசமூல அரீதகி, பல்லாதக அரீதகி என நான்கு மருந்துகள் கடுக்காயை அடிப்படையாகக் கொண்டவை. தைலங்களும் நெய்களும் முகத்தலளவையால் குறிக்கப்பட, மாத்திரை வகைகள் எண்ணிக்கையால் குறிக்கப்பட்டுள்ளன. சான்றாக, மண்டூகரவடிகை என்பது 2000 என்ற எண்ணிக்கையில் வைக்கப்பட வேண்டும். இப்பட்டியலிலிருந்து மூன்று இடர்ப்பாடுகளையும் அவற்றுக்கான தீர்வுகளையும் உய்த்துணரலாம்.

முதலாவது மூலப்பொருள். ஆமணக்கும் வில்வமும் சமவெளியிலேயே கிடைப்பவை. கடுக்காயோ மலைக்காட்டு மரத்தின் காய். திருச்சிராப்பள்ளி வட்டாரத்தில் கொல்லிமலை, பச்சைமலை போன்ற இடங்களைச் சார்ந்தே அது கிடைக்கும். சமவெளியிலுள்ள மருத்துவச்சாலை ஒன்று நான்கு மருந்துகளுக்கு இக்காயை நம்பியிருக்குமாயின், பருவத்தில் வாங்கி ஆண்டு முழுமைக்கும் செய்துவைப்பதே இயலும் வழி. மருந்து கொணர்வோருக்கு நிலையான ஊதியம் ஒதுக்கியமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

இரண்டாவது நச்சு நீக்கல். பல்லாதகம் எனப்படும் சேங்கொட்டையின் பால் தோலில் பட்டால் கொப்புளம் உண்டாக்கும். அதை மருந்தில் சேர்க்குமுன் 'சுத்தி' செய்வது இன்றியமையாதது என்பதைச் சித்த, ஆயுர்வேத மரபுகள் இரண்டும் வலியுறுத்துகின்றன. சுத்தி குறைந்தால் மருந்தே நோயாகும். எனவே அடுப்படியில் நிற்பவர் பழகிய கையினராக இருத்தல் வேண்டும். பணியாள் அடிக்கடி மாறும் இடத்தில் இத்தேர்ச்சி நிலைக்காது.

மூன்றாவது இருப்பு. சூரணம் இரண்டு மாதங்களில் வீரியம் குன்றும் என்றும், மாத்திரையும் இலேகியமும் ஓராண்டு நிற்கும் என்றும் பிற்காலத்ததான சார்ங்கதர சங்கிதை வரையறுக்கிறது. திருமுக்கூடல் பட்டியலிலோ இலேகியம், வடகம், தைலம், நெய், உப்பு ஆகிய வடிவங்களே மிகுதி. நாள்தோறும் காய்ச்ச வேண்டிய குடிநீரும் விரைவில் கெடும் சூரணமும் அதில் முதன்மை பெறவில்லை. கெடாமை என்னும் சிக்கலுக்கு மருந்தின் வடிவத்தைத் தேர்ந்தே விடை கண்டனர் எனலாம். நாட்பட நாட்படப் பயன் மிகும் எனக் கருதப்பட்ட பழநெய்யும் பட்டியலில் இடம்பெறுவது இக்கருத்துக்கு அரண் செய்கிறது.

திருவரங்கம்: நிறுவலும் முறிவும்

மேற்கண்ட மூன்றையும் ஓர் அறக்கட்டளையின் வருவாய் கொண்டு தீர்க்க முடிந்தது. வருவாயே முறியும்போது என்ன நேரும் என்னும் வினாவுக்குத் திருவரங்கமே விடை தருகிறது.

13ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் கொள்ளிடத்தின் வடகரையில், சமயபுரத்தை அடுத்த கண்ணனூரைத் தலைநகராகக் கொண்டு போசளர் ஆண்டனர். போசள இராமநாதன் காலத்தில் அவனுடைய தண்டநாயகன் சிங்கண்ணன் திருவரங்கம் கோயிலில் ஆரோக்கியசாலை ஒன்றை நிறுவினான். அதன் பொறுப்பு கருடவாகன பட்டர் குடியினரிடம் இருந்தது. திவ்யசூரி சரிதத்தின் ஆசிரியராக அறியப்படும் கருடவாகன பண்டிதரையும் வைணவ மரபு இம்மருத்துவக் குடியோடு இணைத்தே போற்றுகிறது.

அடுத்த நூற்றாண்டில் 1311, 1323 ஆகிய ஆண்டுகளின் படையெடுப்புகள் கோயிலைச் சிதைத்தன. உற்சவத் திருமேனி ஊர்விட்டு ஊர் கொண்டுசெல்லப்பட்டு, விசயநகரத் தலைவன் கோபணாரியனின் முயற்சியால் 1371இல் மீண்டது. ஆரோக்கியசாலையும் இக்குழப்பத்தில் அழிந்தது. சக ஆண்டு 1415, அதாவது பொ.ஆ. 1493இல் பொறிக்கப்பட்ட கல்வெட்டு, சீனிவாசன் என்னும் கருடவாகன பட்டர் அதனைப் புதுப்பித்துத் தன்வந்திரி எம்பெருமானை அங்கு எழுந்தருளச் செய்ததைக் கூறுகிறது.

இங்குக் கால இடைவெளி கருதத்தக்கது. இறைவன் மீண்ட பின்னும் மருத்துவச்சாலை மீள 122 ஆண்டுகள் ஆயின. வழிபாடு விரைந்து மீண்டது. மருந்தாக்கம் அவ்வாறு மீளவில்லை. மண்டபத்தை மீண்டும் எழுப்பலாம்; கொணர்வோர், அடுவோர், ஊதியம், இருப்பு என்னும் சங்கிலியை மீண்டும் கோப்பது அத்துணை எளிதன்று.

ஆயினும் அது மீண்டதற்கு இரு காரணங்களைச் சுட்டலாம். ஒன்று, கருடவாகனர் என்னும் பெயரோடு தொழிற்பொறுப்பும் தலைமுறை வழியே கடத்தப்பட்டமை. மற்றொன்று, தன்வந்திரி சன்னதி. மருந்துச்சாலை வழிபாட்டின் உறுப்பாக்கப்பட்டபோது அதைக் கைவிடுவது கோயில் முறையையே கைவிடுவதாயிற்று. நிருவாகத் தொடர்ச்சிக்குச் சமயக் கடப்பாடு காவலாக நிறுத்தப்பட்டது. தன்வந்திரி சன்னதி இன்றும் வழிபாட்டில் இருப்பது இக்காவலின் வலிமைக்குச் சான்று. அதே வேளையில், சன்னதி நிலைத்த அளவுக்கு மருந்தாக்கம் நிலைக்கவில்லை என்பதையும் மறுக்க இயலாது.

இன்றைய நெறிமுறைகளோடு ஒப்பீடு

இந்தியாவில் சித்த, ஆயுர்வேத, யுனானி மருந்தாக்கத்துக்கான நல்லுற்பத்தி நெறிகள் மருந்துகள் விதிகளின் 'டி' அட்டவணையாக 2000ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தன. நவீன மருந்துகளுக்கான 'எம்' அட்டவணை 2023 திசம்பரில் திருத்தி அறிவிக்கப்பட்டது. மூலப்பொருள் கிடங்கு, தகுதி பெற்ற பணியாளர், தொகுதிப் பதிவேடு, தரச் சோதனை ஆகியவை இவற்றின் அடிப்படைகள். முதலிரண்டின் தேவையைத் திருமுக்கூடல் கல்வெட்டு உணர்ந்திருந்தது. பின்னிரண்டும் இன்றைய காலத்தின் கொடை. அடப்பட்ட மருந்தைச் சோதித்தறிய வேறொருவர் அமர்த்தப்பட்டதாகக் கல்வெட்டில் குறிப்பில்லை. செய்பவரின் மீதான நம்பிக்கையே தரத்துக்கு உறுதியாக இருந்தது. இது பழைய முறையின் பெருங்குறை.

புதிய முறையும் தானாகக் காப்பதன்று. 2025 அக்டோபரில், திருமுக்கூடல் அமைந்துள்ள அதே காஞ்சிபுரம் மாவட்டத்தில் உருவாக்கப்பட்ட இருமல் மருந்தொன்றில் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சுப்பொருள் 48.6 விழுக்காடு இருந்ததைத் தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனை காட்டியது. ஏற்கத்தக்க வரம்பு 0.1 விழுக்காடு மட்டுமே. மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாடாப் பகுதியில் குழந்தைகள் பலர் உயிரிழந்தனர். புரொப்பிலீன் கிளைக்கால் போன்ற கரைப்பான்களில் இந்நச்சு கலந்திருக்கக்கூடும் என்பது மருந்தியல் நெடுங்காலம் அறிந்த உண்மை. ஒவ்வொரு கொள்கலனையும் பயன்படுத்துமுன் சோதிக்க வேண்டும் என்னும் நெறி அதனால் எழுந்ததே. சேங்கொட்டைக்குச் சுத்தி எப்படியோ, கரைப்பானுக்குச் சோதனையும் அப்படியே. இரண்டும் அடுப்பேறுமுன் முடிய வேண்டியவை.

முடிவுரை

இவ்வாய்வின்வழிப் பெறப்படும் கருத்துகள் வருமாறு. கோயில் சார்ந்த மருத்துவச்சாலைகள் மூலப்பொருள், இருப்பு ஆகிய இடர்ப்பாடுகளைத் தனித்தனி ஒதுக்கீட்டாலும் மருந்து வடிவத் தேர்வாலும் எதிர்கொண்டன. திருவரங்கம், தொழில் தொடர்ச்சியைக் குடிப்பொறுப்பாலும் வழிபாட்டுக் கடப்பாட்டாலும் காத்தது. சோதனை என்னும் கூறு அக்காலத்தில் பொறுப்பாளரின் நம்பகத்தன்மைக்குள் அடங்கியிருந்தது. இன்று அது விதியாக வெளிப்பட்டுள்ளது. ஆயின் பொறுப்பைப் பெயர் சுட்டிக் கல்லில் வெட்டி ஊரறிய வைத்த பண்டைய முறையின் தெளிவு இன்றைய பதிவேடுகளுக்கும் தேவை. எந்தக் கொள்கலனை யார் சோதித்தார் என்னும் வினாவுக்கு உடனே விடை தரும் பதிவே நோயாளியைக் காக்கும். இவ்விரு கல்வெட்டுகளையும் மருந்தியல் அறிஞரும் கல்வெட்டு அறிஞரும் இணைந்து பயிலுவது இத்துறையில் மேலும் பல உண்மைகளை வெளிக்கொணரும்.