டென்மார்க்கில் உயர் நிர்வாகிகள் தெரிவு: சட்டம் தெரிந்தவரா, 'முடியாது' என்று சொல்லத் துணிந்தவரா?

கோப்பன்ஹேகனுக்குத் தென்மேற்கே கடலோரத்தில் உள்ள இஷொய் நகராட்சியில் சுமார் 23 ஆயிரம் பேர் வசிக்கின்றனர். குடியேற்றப் பின்னணி கொண்டவர்களின் விகிதம் டென்மார்க்கிலேயே மிக அதிகமாக உள்ள இடங்களில் இதுவும் ஒன்று. மக்கள் தெரிவு செய்யும் நகரசபை, தன்னுள் ஒருவரை மேயராகத் தேர்ந்தெடுக்கிறது. நிர்வாகத்தை நடத்தும் நகராட்சிப் பணிப்பாளரோ விளம்பரத்தின் மூலம் தெரிவு செய்யப்படும் ஊழியர்.

இந்தியக் குடிமைப்பணித் தேர்வையோ, இலங்கை நிர்வாக சேவைப் போட்டிப் பரீட்சையையோ மனதில் வைத்து இதற்குத் தயாராக நினைப்பவர் ஏமாற்றமடைவார். டென்மார்க்கில் அப்படியொரு எழுத்துப் பரீட்சை இல்லை. 2007ல் 271 நகராட்சிகள் 98 ஆகக் குறைக்கப்பட்ட பின்னர் இப்பதவிகளின் பொறுப்பு மேலும் பெருகியது. பெரும்பாலும் தனியார் ஆலோசனை நிறுவனம் ஒன்றின் உதவியுடன் முதலில் பதவிக்கான தகுதி விவரம் வரையப்படும். அதன்பின் இரு சுற்று நேர்முகம், ஆளுமைச் சோதனை, கற்பனைச் சிக்கல் ஒன்றுக்குத் தீர்வு கூறும் பயிற்சி, முன்னாள் மேலதிகாரிகளிடம் விசாரிப்பு ஆகியவை நடைபெறும்.

நகராட்சியின் வரவு செலவுத் திட்டமும் நகரசபைக் கூட்டக் குறிப்புகளும் பொதுமக்கள் பார்வைக்குக் கிடைப்பவை. அவற்றைப் படிக்காமல் நேர்முகத்துக்குச் செல்வது வீண். மேலதிகாரியின் கருத்தைக் காரணத்துடன் மறுப்பது அங்கு மரியாதைக் குறைவாகக் கருதப்படுவதில்லை. பெரியவர் முன் அடங்கிப் பேசி வளர்ந்தவர்களுக்கு இது எளிதல்ல.

ஆனால் உண்மையான சோதனை வேறு. அரசியல் தலைமை சட்டத்துக்குப் புறம்பான உத்தரவிட்டால் அதிகாரி என்ன செய்வார்?

இக்கேள்வியின் பின்னணியில் தமிழர்களின் வரலாறும் உண்டு. 1987ல் அன்றைய நீதியமைச்சர் எரிக் நின் ஹன்சன், இலங்கைத் தமிழ் அகதிகளின் குடும்பத்தினர் வந்து இணைவதற்கான விண்ணப்பங்களைச் சட்டம் அனுமதித்திருந்தும் நிறுத்தி வைத்தார். விசாரணை அறிக்கை 1993 ஜனவரியில் வெளியானதும் பிரதமர் போல் ஷ்லூட்டர் பதவி விலகினார். 1995ல் நின் ஹன்சனுக்கு நான்கு மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. உத்தரவை நிறைவேற்றிய அதிகாரிகள் சிலரும் கண்டனத்துக்கு உள்ளாயினர்.

2015ல் மத்திய நிர்வாகத்துக்காக வெளியிடப்பட்ட நெறிமுறை, அதிகாரிகளின் ஏழு கடமைகளில் சட்டத்தை மதித்தலையும் உண்மை பேசுதலையும் சேர்த்துக் கூறியது. இவ்விரண்டும் நகராட்சி ஊழியர்களையும் கட்டுப்படுத்துபவை. ஆயினும் 2020ல், பண்ணைகளில் வளர்க்கப்பட்ட மிங்க் விலங்குகள் அனைத்தையும் கொல்லுமாறு சட்ட அதிகாரமின்றியே அறிவுறுத்தப்பட்டது. இதில் உயர் அதிகாரிகள் பலர் நடந்துகொண்ட விதத்தை 2022ல் விசாரணைக் குழு கண்டித்தது.

டென்மார்க் அரசியலமைப்பின் 27வது பிரிவின்படி, நிரந்தர அரச அலுவலராக நியமிக்கப்படக் குடியுரிமை அவசியம். ஒப்பந்த நியமனங்களுக்கு அந்த நிபந்தனை இல்லை. 1987ல் தந்தையுடனோ தாயுடனோ சேரக் காத்திருந்த குழந்தைகளுக்கு, இத்தகைய பதவிகளுக்கு விண்ணப்பிக்கும் வயது இப்போது வந்துவிட்டது.