இலவச ஸ்கேன் சரி... படம் பார்த்துச் சொல்ல டாக்டர் வேண்டாமா? - தருமபுரி சொல்லும் பாடம்!

தலையில் அடிபட்டால் சி.டி., முதுகுத்தண்டில் பிரச்னை என்றால் எம்.ஆர்.ஐ., கர்ப்பிணி என்றால் அல்ட்ரா சவுண்ட்... இன்று ஸ்கேன் இல்லாமல் பெரிய சிகிச்சை எதுவும் தொடங்குவதில்லை. உயர் சிகிச்சை என்றாலே சுமார் 65 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சேலத்துக்கு பஸ் ஏறிய தருமபுரி மக்களுக்கு, 2008-ல் சொந்த ஊரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. அடுத்த ஆண்டே கலைஞர் காப்பீட்டுத் திட்டம். 2012-ல் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியது. 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் இணைந்தது. இப்போது ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம்.

அட்டை திறந்த கதவு

தமிழக அரசு மருத்துவமனைகளில் உள்ள ஸ்கேன் மையங்களில் சி.டி.க்கு 500 ரூபாய், எம்.ஆர்.ஐ.க்கு 2,500 ரூபாய் என்பதுதான் பல ஆண்டுகளாக இருந்த கட்டணம். தனியாரில் இதைவிடப் பல மடங்கு. காப்பீட்டில் வரும் சிகிச்சை என்றால் அந்தச் செலவும் மிச்சம். காப்பீட்டுத் தொகையில் ஒரு பகுதி மருத்துவமனை மேம்பாட்டுக்கும், ஊழியர்களின் ஊக்கத்தொகைக்கும் போகிறது.

இன்னொரு மாற்றமும் உண்டு. அறுவை சிகிச்சைக்குக் காப்பீட்டு ஒப்புதல் கேட்கும்போது, பரிசோதனை ரிப்போர்ட்டையும் சேர்த்து அனுப்ப வேண்டும். அதனால் ரேடியாலஜி துறையின் ரிப்போர்ட்டுக்காகப் பல வார்டுகள் காத்திருக்கின்றன.

வரிசையில் கரையும் வகுப்பு

மருத்துவக் கல்லூரியில் ரிப்போர்ட் எழுதும் டாக்டர்தான் ஆசிரியரும். மாணவர் முதலில் படத்தைப் பார்த்து, தனக்குப் புரிந்ததைச் சொல்ல வேண்டும். தவறவிட்டதை ஆசிரியர் சுட்டிக்காட்ட வேண்டும். ரேடியாலஜியைக் கற்க இதைவிட நல்ல வழி இல்லை. காப்பீடு ஸ்கேனுக்குப் பணம் தருகிறது. மாணவருக்குச் சொல்லித்தரும் அந்தப் பத்து நிமிடத்துக்கு அதில் கணக்கே இல்லை. வெளியே வரிசை நீளும்போது முதலில் அடிபடுவது அந்த நேரம்தான்.

அமெரிக்காவில் 2010-ல் ஒபாமா அரசு மருத்துவச் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தபோதும், பல்கலைக்கழக ரேடியாலஜி துறைகளில் இதே கவலைதான் எழுந்தது.

தருமபுரிக்கு ஏன் முக்கியம்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கே 6 வயது வரையிலான 1,000 ஆண் குழந்தைகளுக்கு 913 பெண் குழந்தைகள்தான். தமிழக சராசரி 943. கையடக்க ஸ்கேன் கருவியை வைத்துக்கொண்டு, கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்லும் கும்பல்கள் இந்த மாவட்டத்தில் அடிக்கடி பிடிபடுகின்றன.

1994-ம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு ஸ்கேன் மையமும் பதிவு பெற வேண்டும். ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் 'எஃப்' படிவம் நிரப்ப வேண்டும். பாலினத்தைச் சொன்னால் முதல் முறைக்கே 3 ஆண்டுகள் வரை சிறை. கருவியைப் பிடிக்கும் கைக்கு மருத்துவப் பயிற்சியோடு இந்தச் சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துச் சொல்லித்தர வேண்டிய இடம் மருத்துவக் கல்லூரிதான். எனவே, புதிய மெஷின் வாங்கும்போதே கூடுதல் ரேடியாலஜி டாக்டர்களையும் நியமிப்பது அவசியம்.

ஸ்கேனுக்குப் போகிறீர்களா?

* காப்பீட்டு அட்டை, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள்.
* பழைய படங்களும் ரிப்போர்ட்டும் இருந்தால் மறக்காமல் காட்டுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.
* எக்ஸ்ரே, சி.டி. எடுக்கும் முன், கர்ப்பமாக இருக்க வாய்ப்பிருந்தால் சொல்லிவிடுங்கள்.
* படத்தோடு, எழுத்துபூர்வமான ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்குங்கள்.
* குழந்தை ஆணா, பெண்ணா என்று கேட்காதீர்கள். அப்படிச் சொல்வதாக யாராவது அழைத்தால், 104-க்குத் தகவல் கொடுங்கள்.