எதில் 6.7 விழுக்காடு?

போன மாதம் கிள்ளானில் ஓர் உறவுக்காரத் திருமணம். பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர், பாயசம் வருவதற்குள் ஊர்க் கவலைகள் எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டார். கடைசியாக வந்தது இது:

"சுதந்திரம் கெடச்சப்ப நூறு பேருல பதினோரு பேரு நம்மாளுங்க. இப்ப ஆறேழு பேருதான். இப்படியே போனா பேரப்பிள்ளைங்க காலத்துல நாம இருக்கவே மாட்டோம் லா."

சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். அவருடைய தங்கை மகள் மட்டும் ஆட்டவில்லை. கோலாலம்பூரில் கணக்காய்வு நிறுவனம் ஒன்றில் வேலை செய்யும் பெண். "மாமா, எதுல ஆறேழு?" என்று கேட்டாள்.

பெரியவருக்குக் கேள்வி பிடிபடவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் அன்று பிடிபடவில்லை. வீட்டுக்கு வந்து எண்களை எடுத்து வைத்துப் பார்த்த பிறகுதான், இத்தனை ஆண்டுகளாக நாம் இந்த ஒரு கேள்வியைக் கேட்காமலேயே கவலைப்பட்டு வந்திருக்கிறோம் என்று தெரிந்தது.

எண் கூடியது, விகிதம் குறைந்தது

பெரியவர் சொன்ன எண்கள் தவறானவை அல்ல. 1957-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மலாயாவின் மக்கள்தொகை ஏறக்குறைய 62 லட்சத்து 79 ஆயிரம். அதில் இந்தியர்கள் 11.1 விழுக்காடு. 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மலேசிய இந்தியர்கள் 6.7 விழுக்காடு. பூமிபுத்ராக்கள் 69.4, சீனர்கள் 23.2, மற்றவர்கள் 0.7.

ஆனால் தலைகளை எண்ணிப் பாருங்கள். 1957-இல் நாம் ஏறக்குறைய ஏழு லட்சம் பேர். 2020-இல் ஏறக்குறைய இருபது லட்சம் பேர். கிட்டத்தட்ட மூன்று மடங்கு. "நாம் குறைந்துவிட்டோம்" என்று சொல்லும்போது, குறைந்தது நம் எண்ணிக்கை அல்ல, மொத்தத்தில் நம் பங்கு. மற்றவர்கள் நம்மைவிட வேகமாகப் பெருகினார்கள் என்பது அதற்கு ஒரு காரணம். அது மட்டுமே காரணம் அல்ல.

1957-இல் 'நாடு' என்றால் தீபகற்பம் மட்டுமே. 1963-இல் மலேசியா உருவானபோது சபாவும் சரவாக்கும் சேர்ந்தன. அங்கே இந்தியர்கள் அப்போதும் மிகக் குறைவு, இப்போதும் மிகக் குறைவு. ஒருவர்கூட இடம் பெயராமல், ஒரு குழந்தைகூடக் குறையாமல், நாட்டின் எல்லை விரிந்ததாலேயே நம் விழுக்காடு இறங்கியது. பானையில் தண்ணீரைக் கூட்டிவிட்டு, போட்ட உப்பு எங்கே போனது என்று தேடுவது போலத்தான் இது.

யார் 'இந்தியர்'?

அடுத்த கேள்வி, இந்த எண்ணுக்குள் யாரையெல்லாம் சேர்க்கிறார்கள் என்பது.

ஆங்கிலேயர் 1891-இல் நீரிணைக் குடியேற்றங்களில் எடுத்த கணக்கில் நமக்கு இருந்த தலைப்பு, 'தமிழரும் இந்தியாவின் பிற மக்களும்'. பிறகு 'இந்தியர்' என்ற ஒரே சொல் அந்த இடத்துக்கு வந்தது. தமிழர், தெலுங்கர், மலையாளி, பஞ்சாபி எல்லாரும் ஒரு கூரைக்குள் வந்தார்கள்.

அந்தக் கூரையும் அவ்வப்போது இடம் மாறியது. 1957 கணக்கெடுப்பில் இலங்கைத் தமிழர்கள் 'இந்தியர்' பட்டியலில் இல்லை. 'மற்றவர்' பட்டியலில் இருந்தார்கள். 1970-இல் அவர்கள் 'இந்தியர்' பட்டியலுக்கு வந்தார்கள். பிரிக்பீல்ட்ஸில் ஒரே வீட்டில் குடியிருந்த ஒரு யாழ்ப்பாணக் குடும்பம், நாற்காலியைவிட்டு எழாமலேயே ஓர் இனப்பிரிவிலிருந்து இன்னொன்றுக்கு மாறியது.

மலாக்காவின் செட்டி சமூகத்தினர் பல தலைமுறைகளாக வீட்டில் பேசுவது மலாய், கும்பிடுவது மாரியம்மனை. இன்னொரு பக்கம், பினாங்கிலும் பிற இடங்களிலும் வாழும் தமிழ் முஸ்லிம் வழியினர் சிலர் இன்று தங்களை மலாய்க்காரர் என்றே பதிகிறார்கள். இஸ்லாத்தைத் தழுவி, வழக்கமாக மலாய் பேசி, மலாய் மரபைப் பின்பற்றுபவர் மலாய்க்காரர் என்று கூட்டரசு அரசியலமைப்பின் 160-ஆவது விதி வரையறுக்கிறது. கலப்புத் திருமணப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தந்தையின் இனமே பதிவாகிறது. தாய் தமிழச்சியாக இருந்து, வீட்டில் தாலாட்டு தமிழிலேயே ஒலித்தாலும் அந்தப் பிள்ளை வேறு கட்டத்தில்தான் இருக்கும்.

ஆகவே 'இந்தியர்' என்ற எண், தமிழ் பேசுவோரின் எண் அல்ல. அதை வைத்துத் தமிழின் எதிர்காலத்தைக் கணிப்பதும் சரியாகாது.

உண்மையாகவே குறைவது

இப்படிச் சொல்வதால் கவலைக்கே இடமில்லை என்று ஆகாது. சில இழப்புகள் உண்மையானவை.

1969-க்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதி பெற வேண்டும் என்ற சட்டம் கடுமையாக நடைமுறைக்கு வந்தது. பத்திரங்கள் இல்லாத தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் பல, பிறந்து வளர்ந்த பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தமிழ்நாட்டுக்குக் கப்பல் ஏறின. நம் குடும்பங்களில் "பெரியப்பா அப்போவே ஊருக்குப் போயிட்டாரு" என்று ஒரு கதை இல்லாத வீடு குறைவு.

இன்றைய காரணம் வேறு. ஒரு சமூகம் தன் அளவிலேயே நிலைத்திருக்க ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.1 பிள்ளைகள் வேண்டும் என்பது மக்கள்தொகைக் கணக்கு. 2022-இல் மலேசிய இந்தியரிடையே அது 1.1. மலாய்க்காரரிடையே 2.1, சீனரிடையே 0.8. தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வந்தோம். பெண்கள் படித்தார்கள், வேலைக்குப் போனார்கள். வீட்டுக் கடனும் பிள்ளை பராமரிப்புச் செலவும் ஏறின. இதற்காக இளம் தம்பதிகளைக் கல்யாண வீட்டில் நிற்க வைத்துக் குற்றம் சொல்வதில் பயன் இல்லை. முன்னேற வேண்டும் என்று நாம்தான் அவர்களைப் படிக்க வைத்தோம்.

எங்கே வாழ்கிறோம்?

6.7 என்பது நாட்டின் சராசரி. அந்தச் சராசரியில் யாரும் குடியிருப்பதில்லை. கிளந்தானிலும் திரெங்கானுவிலும் இந்தியர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. நெகிரி செம்பிலான், சிலாங்கூர், பேராக் மாநிலங்களில் பத்துக்கு மேல். ஒரே மாநிலத்திலும் மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். கிள்ளானில் வளரும் பிள்ளைக்கும் கோத்தா பாருவில் வளரும் பிள்ளைக்கும் 'நாம் எத்தனை பேர்' என்ற உணர்வே வேறு.

இதன் இன்னொரு பக்கமும் உண்டு. நாட்டின் 222 நாடாளுமன்றத் தொகுதிகளில் இந்தியர் பெரும்பான்மையாக உள்ள தொகுதி ஒன்றுகூட இல்லை. அதே சமயம் சுங்கை சிப்புட், தெலுக் இந்தான், கோத்தா ராஜா போன்ற இடங்களில் நம் வாக்கு இல்லாமல் கணக்குப் போட முடியாது. தமிழ்ப்பள்ளிக்கும் இதே பாடம். நாடு முழுதும் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. தோட்டம் காலியான பிறகு சில பள்ளிகளில் விரல்விட்டு எண்ணக்கூடிய மாணவர்களே மிச்சம். நகர்ப்புறப் பள்ளிகளிலோ இட நெருக்கடி. நாட்டின் விழுக்காடு இந்த இரண்டையும் காட்டாது. மாவட்டக் கணக்குதான் காட்டும்.

அந்தப் பாட்டி

ஒரு வாரம் கழித்துப் பெரியவருக்குத் தொலைபேசியில் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். முக்கியமான ஒன்றைக் கடைசியாகச் சொன்னேன்: 2020-இன் 6.7 விழுக்காடு, குடிமக்களை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு. அந்த ஆண்டு நாட்டில் வாழ்ந்தவர்கள் 3 கோடியே 24 லட்சம் பேர். அவர்களில் குடிமக்கள் 2 கோடியே 98 லட்சம். 1957-இன் 11.1 அப்படி அல்ல. குடியுரிமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் நாட்டில் இருந்த எல்லாரையும் எண்ணிச் சொன்னது.

மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"எங்கம்மாவுக்கு இன்னும் சிவப்பு ஐசிதான்," என்றார்.

திருமணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அந்தப் பாட்டியை எனக்கு நினைவு வந்தது. கைக்குழந்தையாக நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வந்தவர். பேராக்கில் ரப்பர் வெட்டி, ஆறு பிள்ளைகளை வளர்த்தவர். இருமுறை விண்ணப்பித்தும் நீல அடையாள அட்டை கிடைக்கவில்லை. வாக்குச் சாவடிக்குள் கால் வைத்ததில்லை.

"அப்படின்னா அந்தப் பதினோரு பேருல அம்மா இருந்தாங்க. இந்த ஆறேழுல இல்ல. அப்படித்தானே?"

அப்படித்தான்.

நம்மிடையே இப்படி எத்தனையோ பாட்டிகள், தாத்தாக்கள் இருக்கிறார்கள். பிறப்புப் பத்திரம் பதியாமல் விடுபட்ட இளையவர்களும் இருக்கிறார்கள். நாட்டின் விழுக்காட்டை ஒரு குடும்பத்தால் மாற்ற முடியாது. வீட்டில் யாருடைய பத்திரம் குறைபட்டுக் கிடக்கிறது என்று பார்க்க முடியும். விண்ணப்பத்தை எழுதிக் கொடுக்க, கூடவே போய் வரிசையில் நிற்க, படித்த பிள்ளைகள் இன்று வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள்.

பத்தாண்டுக்கு ஒருமுறை என்ற வழக்கப்படி பார்த்தால் அடுத்த கணக்கெடுப்பு 2030-இல் வர வேண்டும். அந்தப் பாட்டிக்கு இப்போது தொண்ணூறு வயதை நெருங்குகிறது. தங்கை மகள் இந்த வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு, பாட்டியின் பழைய காகிதங்களைச் சேகரிக்க வருவதாகப் பெரியவர் சொன்னார்.