உரோமைப் பேரன்னை வழிபாட்டில் கல்லிப் பூசாரிகளின் சட்டநிலை

அனிபலுடனான போர் நீடித்திருந்த கி.மு. 204ஆம் ஆண்டில், சிபில்லா ஏடுகளின் வாக்கை ஏற்று, ஃபிரிஜிய நாட்டுத் தாய்த்தெய்வமான சிபெலே உரோமைக்குக் கொண்டுவரப்பட்டாள். வந்தது சிலையன்று, ஒரு கருங்கல். கி.மு. 191இல் பலத்தீன் குன்றில் அவளுக்குக் கோயில் எழுந்தது. மாக்னா மாத்தர், அதாவது பேரன்னை, என்னும் பெயரில் ஏப்ரல் மாதத்து மெகலேசியா அரசு விழாவாயிற்று. தெய்வத்தை ஏற்பதில் உரோமையர் தயங்கவில்லை. அவர்தம் தயக்கம் முழுவதும் அத்தெய்வத்துடன் வந்த பூசாரிகளைப் பற்றியதே.

கல்லி எனப்பட்ட இப்பூசாரிகள், அத்திஸ் தொன்மத்தைப் பின்பற்றித் தம் ஆண்மையைத் தாமே அறுத்துக்கொண்டவர்கள். நீண்ட கூந்தலும் பல்வண்ண ஆடையுமாய், பறையும் தாளமும் முழங்கத் தெருக்களில் காணிக்கை பெற்றனர். பலியும் விளையாட்டும் உரோமை அலுவலர் பொறுப்பில் இருக்க, பூசாரிப் பணியை ஃபிரிஜிய ஆணும் பெண்ணுமே செய்தனர் என்றும், அவ்வூர்வலத்தில் உரோமையர் சேர்வதைச் சட்டம் தடுத்தது என்றும் ஹாலிகார்னாசஸ் நகரத்துத் தியோனீசியஸ் எழுதுகிறார். அடிமைகளுக்கும் இத்தடை பொருந்தியது போலும்: கி.மு. 101இல் பேரன்னைக்காகத் தன்னை அறுத்துக்கொண்ட அடிமை ஒருவன் கடல்கடந்து நாடுகடத்தப்பட்டான்.

தடையின் உண்மையான கூர்மை கி.மு. 77இன் வழக்கொன்றில் வெளிப்படுகிறது. கெனுசியஸ் என்னும் பூசாரிக்கு ஒரு விடுதலை பெற்ற அடிமை உயில் வழியாகச் சொத்து விட்டுச்சென்றான். பிரேத்தர் அதனை ஏற்றுச் சொத்தை அளித்தார். ஆனால் இறந்தவனின் முன்னாள் உரிமையாளர் மேல்முறையீடு செய்ய, கான்சல் மாமெர்க்கஸ் அத்தீர்ப்பை நீக்கினார். தன் விருப்பத்தால் உறுப்பிழந்தவன் ஆணுமல்லன், பெண்ணுமல்லன் என்பதே அவர் கூறிய காரணம். உயிலில் பிழை இருந்ததாக யாரும் கூறவில்லை என்பது நோக்கத்தக்கது. உரிமை கோரும் 'ஆள்' எவர் என்னும் வினாவே அங்கு எழுந்தது. இதனைப் பதிவுசெய்யும் வலேரியஸ் மாக்சிமஸ், கெனுசியஸின் குரலே மன்றத்தை மாசுபடுத்தும் என்னும் தொனியில் தீர்ப்பைப் புகழ்கிறார். கெனுசியஸ் முன்வைத்த வாதம் எதுவும் அப்பதிவில் இல்லை.

இக்குறை அவ்வொரு வழக்கிற்கு மட்டும் உரியதன்று. கத்துல்லஸின் 63ஆம் கவிதை, அறுத்துக்கொண்ட அத்திஸுக்கு இலத்தீன் பெண்பாற் சொற்களை வழங்கி, பின் அவனை வருந்தச் செய்கிறது. பிற்காலத்தில் அகஸ்டின் கார்த்தேஜ் தெருக்களில் தாம் கண்ட கல்லிகளை அருவருப்புடன் சித்திரிக்கிறார். எனவே அவர்தம் பெண்தன்மை குறித்த செய்திகளை அகநிலைச் சான்றாகக் கொள்வதில் எச்சரிக்கை தேவை. அவை பெரும்பாலும் உரோமை ஆண்மைக் கருத்தின் எல்லைக்கோடுகளையே காட்டுகின்றன.

பேரரசுக் காலத்தில் நிலை ஓரளவு மாறியது. தலைமைப் பூசாரியான ஆர்க்கிகல்லஸ் பதவியில் உரோமைக் குடிமக்கள் அமர்ந்ததைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. தௌரோபோலியம் என்னும் காளைப்பலியும் பரவியது. கி.பி. 160இல் லியோன் நகரில் பேரரசர் நலனுக்காக நிகழ்ந்த பலியின் கல்வெட்டு, காளையின் 'வீரெஸ்' எடுத்துச் செல்லப்பட்டதைக் குறிக்கிறது. அச்சொல் காளையின் விதைகளையே சுட்டும் என அறிஞர் பலர் கொள்கின்றனர். அவ்வாறாயின், குடிமகன் தன் உடலையும் சட்ட உரிமையையும் இழக்காமலே அன்னைக்குரிய காணிக்கையைச் செலுத்த வழி பிறந்தது. கெனுசியஸுக்கு அவ்வழி இருக்கவில்லை.