உங்களுக்குத் தெரியுமா? திவாலான கம்பெனியின் எஞ்சின்

ஜெட் எஞ்சினின் நம்பகத்தன்மை வரைபடத்தில் பிறப்பதில்லை. சோதனைக்கூடத்தில் உடைந்து உடைந்துதான் வருகிறது. ரோல்ஸ் ராய்ஸின் ஆர்.பி.211 இதற்கு நல்ல சாட்சி. எடையைக் குறைக்க, முன்விசிறியின் பிளேடுகளைக் கார்பன் இழையில் செய்தார்கள். பறவை மோதினால் தாங்குமா என்று பார்க்க, 1970-ல் சுழலும் விசிறிக்குள் செத்த பறவையைச் சுட்டார்கள்; பிளேடுகள் சிதறின. டைட்டானியத்துக்கு மாறியதில் எடையும் செலவும் ஏறின. 1971 பிப்ரவரியில் கம்பெனி திவால். பிரிட்டிஷ் அரசு கையில் எடுத்துக்கொண்டது. பறவைதான் கவிழ்த்தது என்பார்கள். அது மிகை. விமானம் தயாரிக்கும் லாக்ஹீடுடன் கட்டுப்படியாகாத விலைக்கு ஒப்பந்தம் போட்டதும் சேர்த்தி. ஓய்விலிருந்து திரும்பிய பொறியாளர் ஸ்டான்லி ஹூக்கர் கோளாறுகளைச் சரிசெய்ய, 1972-ல் இந்த எஞ்சின் பொருத்திய லாக்ஹீடின் ட்ரைஸ்டார் விமானம் பயணிகளுடன் பறந்தது.

இவ்வளவு மெனக்கெடுவானேன், எஞ்சின்களைக் கூட்டினால் போதாதா என்று கேட்கலாம். போதாது. 1982-ல் ஜாவா அருகே எரிமலைச் சாம்பலுக்குள் புகுந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747-ல் இருந்த நான்கு ஆர்.பி.211-களும் அணைந்தன. எல்லாவற்றையும் ஒரே காரணம் தாக்கும்போது எண்ணிக்கை காப்பாற்றாது. சாம்பலைவிட்டுக் கீழிறங்கியபின் நான்கும் மறுபடி பற்றின. ஒன்றைப் பிறகு அணைக்க நேர்ந்தாலும், விமானம் ஜகார்த்தாவில் பத்திரமாகத் தரையிறங்கியது. எண்ணிக்கையைவிட நம்பகத்தன்மையே முக்கியம் என்பதை விதிகளும் ஏற்றன. இரட்டை எஞ்சின் விமானங்கள் மாற்று விமான நிலையத்திலிருந்து 60 நிமிடத் தொலைவுக்குள்தான் பறக்கலாம் என்றிருந்த அமெரிக்க விதி, 1985-ல் 120 நிமிடமாகத் தளர்ந்தது. அந்தச் சலுகைக்கு விளம்பரக் கையேடு செல்லாது. நடுவானில் எத்தனை முறை எஞ்சின் அணைந்தது என்ற கணக்கைத்தான் காட்ட வேண்டும்.